வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை



சில மாதங்களுக்கு முன்னர் எமது மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாய் சற்றுப் பெருமையோடு சொன்னார்: “என்ரை பிள்ளை கம்பஸுக்கு வீட்டிலையிருந்துதான் போய்வாறாள், மிஸ். விடுதிக் காசில்லை, போடிங் காசில்லை. எனக்கு அவளாலை ஒரு செலவுமில்லை.” 2009 இல் கணவரை இழந்து, ஒரு தையல் மெஷினோடும் கொஞ்சக் கோழிகளோடும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய தாய் அவர். அந்தப் பெருமைக்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எட்டு நாள் கழித்து அதே பிள்ளை பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தாள்.

தாய்க்குத் தனியே போகப் பயம். என்னையும் கூப்பிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையின் பெயரையும் ஊரையும் அது எந்த வளாகம் என்பதையும் விட்டுவிடுகின்றேன். தூர இடத்திலிருந்து தினமும் போய்வரும் எந்தப் பிள்ளையாகவும் அவள் இருக்கலாம்.

“காலமை என்ன பிள்ளை சாப்பிட்டனி?”

“பிளேன்ரீ குடிச்சனான், மிஸ்.”

“மத்தியானம்?”

தாயைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். “ஒரு றோல்ஸ்.”

“நேற்று?”

“நேற்றும் அதுதான்.”

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை எழுதிய டொக்டர், “தண்ணியும் குடிக்கிறதில்லைப் போலை” என்றார். அது உண்மைதான். ஆனால் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கின்றேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பிள்ளை இரண்டு பஸ் ஏற வேண்டும். ஊரிலிருந்து நகரத்துக்கு ஒன்று, நகரத்திலிருந்து வளாகத்துக்கு இன்னொன்று. போக வர ஏறக்குறைய 400 ரூபா. மாதத்தில் 20 நாள் போனால் 8,000 ரூபா. மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் இவளுக்கு அந்தக் காசு முழுவதும் பஸ்ஸிலேயே போய்விடுகின்றது. போட்டோப் பிரதி, செயலட்டை, போனுக்கு டேட்டா எல்லாவற்றுக்கும் வீட்டில்தான் கேட்க வேண்டும். “செலவே இல்லாத பிள்ளை” என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியும்போது அவள் எப்படிக் கேட்பாள்? கன்ரீன் சோற்றுப் பார்சலின் விலையைப் பார்ப்பாள், கையிலிருப்பதை எண்ணுவாள், “பசியில்லை” என்று சிநேகிதிகளிடம் சொல்லிவிடுவாள்.

சீசன் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்துத்தான் வைத்திருக்கின்றாள். அது இ.போ.ச. பஸ்ஸுக்கு மட்டும்தான் செல்லும். தனியார் பஸ்ஸில் நீட்டினால் கொண்டக்டர் சிரிப்பார். இ.போ.ச. பஸ் அந்த வீதியில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. காலைப் பஸ் 5.45 இற்கு. அதைத் தவறவிட்டால் 8 மணி விரிவுரை இல்லை. பின்னேரம் இன்னும் சிக்கல். 5 மணி வரை செய்முறை வகுப்பு, கடைசிப் பஸ் நகரத்திலிருந்து 5.15 இற்கு. பாதி வகுப்பில் எழுந்து ஓட வேண்டும். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்று பல பீடங்களில் விதி இருக்கின்றது. இந்தப் பிள்ளை படிப்பில் பின்னுக்கு நிற்பவள் அல்ல. பஸ் நேரத்தில் பின்னுக்கு நிற்கின்றாள். பட்டப்படிப்பில் நான் ‘சமூக அசைவு’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றேன். அது 5.15 பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று அப்போது எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இனி அந்தத் தண்ணீர்க் கதை. பஸ் நிலையத்து மலசலகூடத்துக்குப் பெண் பிள்ளைகள் போகமாட்டார்கள். பூட்டு இல்லை, தண்ணீர் இல்லை, வாசலில் ஆண்கள் நிற்பார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணம். ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவர்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. மாதவிலக்கு நாட்களில் வகுப்புக்கே போகாமல் விடுபவர்களும் உண்டு. சிறுநீர்த் தொற்று வந்த பின்னர் எங்களிடம் வந்த பிள்ளைகள் இந்த ஒரு வருடத்தில் மட்டும் மூவர். ஒருவரும் வீட்டில் சொல்லவில்லை. நெரிசல் பஸ்ஸில் படும் சீண்டல்களையும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறித்துப்போடுவா என்ற பயம். சகோதரிகளே, அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. எங்களில் பலர் அப்படி மறித்தும் இருக்கின்றோம்.

எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழகம் என்பது எப்போதுமே பயணத்தோடு சேர்ந்த விடயம்தான். 1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் பிள்ளைகள் சைக்கிளில்தான் படிக்கப் போனார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய காலம் அது. 1997 இல் வவுனியா வளாகம் வந்தது, 2021 ஓகஸ்ட்டில் அது தனிப் பல்கலைக்கழகமானது. அதன் பம்பைமடு விடுதிக் கட்டடங்களில்தான் 2009 இல் சரணடைந்த பெண்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே இருந்து வந்து, இன்று தன் மகளை அதே மன்னார் வீதியால் படிக்க அனுப்பும் தாய் ஒருவரை எனக்குத் தெரியும். மகளின் பதிவு நாளன்றும் அவர் படலைக்கு வெளியில்தான் நின்றார். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. பிள்ளைகள் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றார்கள். விடுதி இடம் பெரும்பாலும் முதலாம் ஆண்டுக்கும் இறுதி ஆண்டுக்கும், தூர மாவட்டத்தவருக்கும் போய்விடும். “நீர் பக்கத்து ஆள்தானே” என்று சொல்லப்படும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் 40 கிலோமீற்றராக இருக்கும்.

2022 இல் இந்த ஒழுங்கும் குலைந்தது. பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா வரை போனது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். விலைகள் ஏறிய வேகத்தில் இறங்கவில்லை என்பது அடுப்படியில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன் பின்னர்தான் ஸ்கூட்டி ஆசை கூடியது. பஸ்ஸுக்கு நின்று நின்று களைத்த இன்னொரு தாய், சங்கிலியை அடகு வைத்து முற்பணம் கட்டி மகளுக்கு லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். என் பேச்சை அவர் கேட்கவில்லை, அதில் பிழையும் சொல்ல முடியாது. பிள்ளை இருட்டுவதற்குள் வீட்டுக்கு வருகின்றாள், கடைசி வகுப்பிலும் இருக்கின்றாள். ஆனால் ஸ்கூட்டியை நிறுத்த இடமில்லை. உள்ளே இருக்கும் தரிப்பிடம் உத்தியோகத்தர்களுக்கு. வெளியில் உள்ள வேப்பமர நிழலைக் காலை 7 மணிக்கே பெடியன்களின் மோட்டார் சைக்கிள்கள் பிடித்துவிடும். மிச்சமிருப்பது வீதியோரம். முதல் மாதம் ஹெல்மெற் போனது. இரண்டாம் மாதம் கண்ணாடி உடைந்தது. ஒரு நாள் பெற்றோல் உறிஞ்சப்பட்டிருந்தது. ஹெல்மெற் இல்லாமல் ஓடியதற்குப் பொலிஸ் தண்டமும் வந்தது. அதையும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. தண்டத்தைக் கட்ட சிநேகிதியிடம் கடன் வாங்கியது தாய்க்குத் தெரிந்தபோது, “எனக்குத் தெரியாமல் கடன் படுற அளவுக்கு வந்திட்டாளோ” என்று அழுதார்.

கடன் என்ற சொல் எங்கள் வீடுகளில் எப்படி விழும் என்பது தெரிந்ததுதானே. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அந்தக் காலத்தில் கிழமைக் காசு கேட்டு வந்தவர்களுக்குப் பயந்து கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்த பெண்கள் எத்தனை பேர். ஆகவே ஸ்கூட்டி எடுக்க நினைப்பவர்கள் தவணைக் காசை மட்டும் பார்க்க வேண்டாம். காப்புறுதி, வருடாந்த வரிப்பத்திரம், டயர், இரண்டு ஹெல்மெற் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஸ்கூட்டியில் போனால் பெற்றோலைப் பங்கிடலாம். தவணையைப் பங்கிட வேண்டாம், பிறகு இரண்டு வீடும் கதையாது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் போடுவார்கள் அல்லவா? அந்த யோசனையை அந்த வளாகத்துக்கு அருகில் தனியே வாழும் ஒரு அம்மாவிடம் சொன்னோம். இப்போது அவருடைய மாமர நிழலில் பதினான்கு ஸ்கூட்டிகள் நிற்கின்றன. நாளுக்கு 30 ரூபா. பிறகு பிள்ளைகளே கேட்டு, மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை என்று சமைக்கத் தொடங்கினார். அவருடைய மலசலகூடத்தையும் பாவிக்கலாம். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய விடயம். சோறு கொடுப்பதில் இலாபம் மிகக் குறைவு, சில நாள் கையைக் கடிக்கும் என்கின்றார். விறகை யாராவது மலிவாகத் தந்தால் தொடரலாமாம். யாருக்காவது வழி தெரிந்தால் சங்கத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பஸ் விடயம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகளும் தாய்மாருமாக நாற்பத்தொரு பேர் கையொப்பமிட்டு, 5.15 பஸ்ஸை 5.45 ஆக மாற்றும்படி டிப்போவுக்குக் கடிதம் கொடுத்தோம். மூன்று கிழமை மாற்றி ஓடினார்கள். பிறகு பஸ் பழுது என்று பழைய நேரத்துக்கே போய்விட்டது. அடுத்த திங்கள் காலை 9 மணிக்குத் திரும்பப் போகின்றோம். அந்த வீதியில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் சங்கக் கட்டடத்தடிக்கு 8 மணிக்கு வந்துவிடுங்கள். சீசன் வைத்திருக்கும் பிள்ளைகளின் சீசன் பிரதியையும் கொண்டு வாருங்கள், எத்தனை பேர் காசு கட்டிவிட்டு ஏறமுடியாமல் நிற்கின்றார்கள் என்று காட்ட வேண்டும்.

மயங்கி விழுந்த பிள்ளை இப்போது சோற்றுப்பெட்டி கொண்டுபோகின்றாள். தாய் நாலு மணிக்கே எழும்பிப் புட்டோ சோறோ கட்டிக் கொடுக்கின்றார். “சாப்பிட்டனியோ” என்று கேட்டால் “ஓம்” என்பாள் என்று தெரிந்துகொண்டதால் அவர் இப்போது அதைக் கேட்பதில்லை. பின்னேரம் பிள்ளை வந்ததும் பெட்டியை வாங்கித் திறந்து பார்க்கின்றார். போன கிழமை இரண்டு நாள் அரைவாசிச் சோறு திரும்பி வந்ததாம். விசாரித்தால், பக்கத்தில் இருக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மத்தியானம் ஒன்றுமில்லை, இருவரும் பங்கிட்டு உண்ணத் தொடங்கி நேரம் போதாமல் எழும்பிவிட்டார்கள். இப்போது பெரிய பெட்டி வாங்கியிருக்கின்றார்.