குமரகுருபரரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையா? முதலில் வசம்பு வரும். அடுத்து, "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்ற பாட்டியின் தீர்ப்பு. அதற்கும் சமாதானமாகாத தாய்க்கு இருக்கவே இருக்கிறார் குமரகுருபரர்: ஐந்து வயதுவரை பேசாமலிருந்து திருச்செந்தூரில் பேசியவர்.

முருகன் அருளை மறுக்க நான் வரவில்லை. அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். வாய் திறந்த குழந்தை பாடியதாகச் சொல்லப்படுவது கந்தர் கலிவெண்பா. கதைப்படி கட்டுண்டிருந்தது நாக்குதான்; காது அந்த ஐந்து வருடமும் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தது. காது கேளாத குழந்தைக்கு அந்த ஐந்து வருடமும் வெறும் பாழ்.

"காது கேக்காமலா, தட்டைத் தட்டினா திரும்புறானே?" திரும்புவான். தரை அதிர்கிறது, கை அசைவது ஓரக்கண்ணில் படுகிறது. தட்டின் ஓசையே எட்டினாலும், அதே காதுக்குப் 'பசி'யில் உள்ள 'சி' எட்டாமல் போகலாம். கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பும் என்பதால் பெற்றவர்கள் ஏமாறுவது இன்னும் எளிது.

செவித்திறன் வல்லுநர்களின் கணக்கு வேறு: 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதியாக வேண்டும், 6 மாதத்துக்குள் காதில் மிஷின். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். நாமோ மூன்று வயது வரை பொறு என்கிறோம்.

"பிஞ்சுக் காதுல மிஷினா? இருக்கிறதும் போயிடும்" என்ற பயத்தில் மட்டும் ஒரு துளி நியாயம் உண்டு. குழந்தையின் காதுக்குழாய் சின்னது. பெரியவர் காதில் மிதமாக ஒலிக்கும் அதே சத்தம் அங்கே கூடுதலாக ஒலிக்கும். அதைத்தான் ஆடியாலஜிஸ்ட் அளந்து, மிஷினைக் குழந்தைக்கென்று திருத்தித் தருகிறார். காது வளர வளர, மிஷினைக் காதில் பொருத்தும் மோல்டையும் மாற்ற வேண்டும். முதல் வருடத்தில் அடிக்கடி. அலைச்சல்தான். விவரம் தெரிந்தவரிடம் போக அந்தப் பயம் காரணம். வீட்டில் உட்கார்ந்திருக்கக் காரணமாகாது.

தாமதமாகப் பேசும் குழந்தைகள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது கேட்கிறது என்பது சோதித்த பிறகுதானே தெரியும்? குழந்தை தூங்கும்போதே 'பெரா' (BERA) என்ற செவித்திறன் சோதனையை எடுத்துவிடலாம்.

பாட்டி, உங்கள் மகன் மூன்று வயதில் பேசியது உண்மையாகவே இருக்கட்டும். பேரனுக்குப் பெரா எடுத்த பிறகு அந்தக் கதையைச் சொல்லுங்கள். அவனுக்கும் கேட்க வேண்டுமே.