பெயின்ட் கடைசியில்தான்!



போன வாரம், வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டிருக்கும் ஜீப்பின் படத்தைப் போட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், என்ன கலர் அடிக்கப் போறீங்க?" மிலிட்டரி பச்சை, மெரூன், பளபளக்காத கறுப்பு என்று யோசனைகளும் வந்தன. உறவுக்காரர்கள் கேட்டது வேறு. "மாமா, தை மாசக் கல்யாணத்துக்கு வண்டி ரெடியாயிருமா?"

இரண்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கலரைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை. தை மாதத்துக்கு வண்டி வராது. வரவும் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கடைசிப் பீரியட் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக வண்டியைப் பற்றி இரண்டு வரி. இது 1974-இல் பதிவான மஹிந்திரா ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக 1941-இல் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி செய்ய ஆரம்பித்த ஜீப்பின் வாரிசு. உயரமான பானெட் வைத்த சி.ஜே.3பி என்ற மாடலை வில்லிஸ் 1953-இல் கொண்டு வந்தது. உள்ளே இருந்த புது எஞ்சின் உயரமானது. அதற்காகவே பானெட்டைத் தூக்கினார்கள். அமெரிக்காவில் 1968-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் மஹிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷம் செய்துகொண்டிருந்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் மச்சானுடையதும் அப்படி மலை ஏறி இறங்கிய வண்டிதான். அவர் காலமான பிறகு பதினோரு வருஷம் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்றது. பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்ததை, அக்கா மகன் தடுத்து, "மாமா, நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்கல்ல, நாம ரெண்டு பேரும் சரி பண்ணலாம்" என்று என் வீட்டுக்கு இழுத்து வந்தான்.

இப்போது அவனுக்குத் தையில் கல்யாணம். அப்பா ஓட்டிய வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு நடக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பெயின்ட் அடித்துக் கொடுக்க ஒரு பட்டறையில் இருபது நாள் கேட்டார்கள். "டிங்கரிங், பட்டி, பெயின்ட், மூணும் சேர்த்து முடிச்சிரலாம் சார். புது வண்டி மாதிரி நிக்கும்" என்றார்கள். நிற்கும், சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி ஓட வேண்டும். ஓடினால் சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதைப் 'புதுப்பித்தல்' என்று சொல்லக்கூடாது. அது அடுத்து வண்டியில் ஏறப்போகிறவரிடம் சொல்லும் பொய்.

முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன். துருவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். அலுமினியமும் ஆக்சிஜனோடு சேருகிறது, இரும்பும் சேருகிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது. இரும்பின் துருவோ பொரியல்லாக் கட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். தண்ணீரையும் காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அதோடு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு பிடித்தால் அந்த இரண்டையும் பிளந்து தள்ளிவிடும். அதன் மேல் நாம் பெயின்ட் அடித்தால் துரு நின்றுவிடாது. நம் கண்ணுக்கு மறைந்து வேலையைத் தொடரும், அவ்வளவுதான்.

எங்கள் ஜீப்பில் நடந்திருந்ததும் அதுவே. எந்தக் காலத்திலோ, எந்தப் பட்டறையிலோ, பின்பக்கத் தகட்டில் விழுந்த ஓட்டைக்குள் சாக்குத் துணியை அடைத்து அதன் மேல் பட்டி பார்த்திருக்கிறார்கள். வெளியே வழவழவென்று இருந்தது. உள்ளே மழைத் தண்ணீரைச் சாக்கு உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டது. தகட்டைத் தாங்கும் பட்டை முழுவதும் கையில் அப்பளமாக நொறுங்கியது. சேஸியில், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினோம். நல்ல இரும்பு மணி மாதிரி 'ணங்' என்னும். அங்கே பானையைத் தட்டியது போல் 'தொப்' என்றது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விட்டது. ஆறு பேர் உட்காரும் வண்டியின் எடை தொங்குவது அந்த இடத்தில்தான்.

ஆகவே வீட்டில் பழைய ஜீப்பைச் சரி செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் காகிதம். ஸ்பேனரைத் தொடும் முன்பு ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்த ஜீப்புகள் நம் பக்கம் ஏராளம். அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. ஆனால் வண்டி பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. இன்னொன்று: சேஸி நம்பர் பதிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டு போகாதீர்கள். அந்த எண் அழிந்தால் வண்டி யாருடையது என்று நிரூபிக்க நாய்படாத பாடு பட வேண்டும்.

இரண்டாவது, சேஸி. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கெட்டதன் மேலேயே ஒரு பேட்ச் போட்டால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும். 'வீட்டிலேயே செய்கிறேன்' என்று சொல்லும் நானே இந்த ஒரு வேலையை வீட்டில் செய்யவில்லை. அனுபவமுள்ள வெல்டரை வரவழைத்தேன். நம் கை எதுவரை போகலாம் என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

மூன்றாவது, பிரேக்கும் ஸ்டியரிங்கும். இந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே ஹோஸ், வாஷர், ஆயில் எல்லாமே புதிது. டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

நான்காவது, பாடித் தகடும் சில்லறைச் சாமான்களும். நானும் மருமகனும் ரசித்துச் செய்வது இதைத்தான். கீல், பெடல், கொண்டி போன்றவற்றுக்குப் பிளஸ் டூவில் நாம் படித்த மின்னாற்பகுப்பு போதும். பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகடிவ் துருப்பிடித்த சாமானுக்கு, பாசிடிவ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கு. மறுநாள் காலையில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். எவர்சில்வர் துண்டைப் பாசிடிவில் மாட்டாதீர்கள், தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். முக்கியமாக, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். காலியான பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

ஐந்தாவதாக, எல்லாம் முடிந்த பிறகு, பெயின்ட்.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. "கோவிலிலிருந்து மண்டபம் ரெண்டு கிலோமீட்டர். அதுக்குப் போய் இவ்வளவா?" என்று அக்கா கேட்டார். இரண்டு கிலோமீட்டரோடு நின்றால் சரி. பளபளவென்று ஒரு ஜீப் வாசலில் நின்றால், மறுவாரமே "மேகமலை போயிட்டு வரலாமா" என்று நாலு பேர் ஏறுவார்கள். பெயின்டைப் பார்த்து நம்பித்தான் ஏறுவார்கள். உள்ளே இற்றுப்போனது எனக்கும் மருமகனுக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தவன் சும்மா இருக்கலாமா?

"இந்தச் செலவுக்குப் புது வண்டிக்கு முன்பணம் கட்டலாமே" என்கிறார்கள். கட்டலாம். கணக்குப் பார்த்தால் பழைய ஜீப்பைச் சரி செய்வது லாபம் தரும் காரியமே இல்லை. லாபத்துக்காகச் செய்கிறவர்கள்தான் பட்டி பூசுகிறார்கள். சேஸி முழுவதும் போயிருந்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நல்ல பாகங்களை இன்னொரு ஜீப் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். எங்கள் வண்டியில் முக்கால்வாசி இரும்பு நன்றாக இருக்கிறது, அதனால் செய்கிறோம்.

இன்னொரு கூட்டம் பெரிய டயர், கூரை மேல் வரிசையாக லைட்டு, முன்னால் கனமான பம்பர் என்று மாட்டுகிறது. அதற்கும் என் பதில் அதுதான். பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு பெரிய டயர் மாட்டினால், நிற்க வேண்டிய வண்டிக்கு நிற்கும் சக்தி இன்னும் குறையும். அலங்காரத்துக்கு ஆகும் பணத்தில் முதலில் பிரேக்கை முடியுங்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் நேரில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவனே வந்து பின்பக்கத்து மிச்சப் பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டிக்கொண்டே, "அப்பா இத்தனை வருஷம் இதுலயா மாமா ஆள் ஏத்தினாரு?" என்று கேட்டான். அவர் ஓட்டிய காலத்தில் வாரம் தவறாமல் அடியில் படுத்துப் பார்ப்பார், அவருக்குக் கை தெரியும் என்று சொன்னேன். கல்யாணத்துக்கு வாடகைக் கார் சொல்லியாகிவிட்டது. ஜீப் அடுத்த ஆடிக்குள் ரோட்டுக்கு வந்தால் போதும் என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். தலை ஆடிக்கு மணமக்கள் அதில் வரட்டும். அக்காவுக்கு வருத்தம்தான். இந்தப் பதிவைப் படித்தால் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

உங்களில் பலர் வீட்டில் தாத்தாவின் ஜீப்போ அப்பாவின் ஜீப்போ கொட்டகையில் நிற்கலாம். சிலர் இப்போதுதான் ஒன்று வாங்கியிருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு காந்தமும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. சுத்தியல் 'தொப்' என்றால் அங்கே இரும்பு இல்லை. கண்டதை எனக்கு எழுதுங்கள். எந்தக் கலர் நல்லது என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உள்ளூரில் இருப்பவர்கள் நேரிலேயே வரலாம். காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பம், டீ உண்டு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்