டொமைனும் நம் பட்டாதான்

1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய நம் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவை இன்று இணையத்திலும் காக்கிறோம். ஆனால் அந்தத் தளங்களின் டொமைன் யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறோமா தோழர்களே? 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பட்டா மாறிப் பிறர் கைக்குப் போன வரலாறு நமக்குத் தெரியும்.

ஆகவே டொமைனை அமைப்பின் பொறுப்பிலுள்ள கணக்குக்கு மாற்றுவோம். அவசரம் மட்டும் வேண்டாம். பதிவாளரை மாற்றினால் நேம்சர்வர் தானாக மாறாது. பழைய பதிவாளரின் நேம்சர்வரையே நம்பியிருந்தால், டொமைன் கைமாறியதும் அவர்கள் அதை நிறுத்திவிடலாம். தளமும் மின்னஞ்சலும் சேர்ந்தே மறையும். மாற்றம் நிலுவையில் இருக்கும் நாட்களில் நேம்சர்வரைத் திருத்தவும் முடியாது.

புது வாய்க்காலில் தண்ணீர் ஏறிய பிறகுதானே பழைய மடையை அடைக்கிறோம்? இங்கும் அதே வரிசைதான். பதிவுகள் அனைத்தையும் புது நேம்சர்வரில் ஏற்றுங்கள். நேம்சர்வரை மாற்றி 2 நாள் பொறுங்கள். தளமும் மின்னஞ்சலும் ஓடுவதைப் பார்த்தபின் பூட்டைத் திறந்து, அங்கீகாரக் குறியீடு வாங்கிப் பதிவாளரை மாற்றுங்கள். உரிமையாளர் பெயரைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் மாற்றினால் 60 நாள் பூட்டு விழலாம்.

டிசம்பரில் வெண்மணியைத் தேடி வரும் மாணவருக்கு வெற்றுத்திரை கிடைக்கக் கூடாது.