வராந்தா மூச்சு விடுவதில்லை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

தொழிற்சாலையில் தூசி உண்டா என்று கேட்டால் உண்டு என்று யாரும் சொல்லிவிடுவர். அதில் எவ்வளவு ஒரு தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகிறது என்று கேட்டால் பதில் சொல்வார் அரிது. இந்த இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் போதிய மதிப்பில்லை என்பது என் கருத்து.

கருங்கல் வட்டாரத்தில் அண்டியாபீசை அறியாதவர் இல்லை. என் தாயாரும் அங்கே தோடு உடைப்பவர்தாம். அண்டியைச் சுட்டு வறுக்கும்போது எழும் புகையில் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் ஏராளம். தலைமயிரின் தடிப்பில் இது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) காற்றை அளக்க வந்தவர்கள் கருவியை அலுவலக வராந்தாவில் வைத்தார்களாம். வராந்தா மூச்சு விடுவதில்லையே, நண்பர்களே!

முறையான வழி வேறு. சிறு பம்பு தொழிலாளியின் இடுப்பில். வடிதாள் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரம் இழுத்தால் 960 லிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு கனமீட்டர் காற்று. வடிதாளில் கூடிய எடைதான் கணக்கு. வேலை செய்பவரோ அதே நேரத்தில் சுமார் 10 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார்.

ஆனால் நானோத் துகளிடம் தராசு ஏமாந்துவிடும். ஒரு மைக்ரான் பக்கமுள்ள கனசதுரத்தை 100 நானோமீட்டர்த் துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். எடை அதே எடை. மேற்பரப்போ 10 மடங்கு. நம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள இல்மனைட்டு, வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டையாக்சைடின் மூலப்பொருள். அந்தப் பொடிக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் 2011இல் பரிந்துரைத்த உச்ச அளவு, கனமீட்டருக்கு 2.4 மில்லிகிராம். அதே பொடி நானோ அளவாக இருந்தால் 0.3 மில்லிகிராம்தான். எட்டில் ஒரு பங்கு! போபால் விபத்துக்குப் பின் 1987இல் நம் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த வரம்புப் பட்டியலில் நானோத் துகளுக்கென்று ஒரு வரிகூட இருக்கவில்லை.

ஆகவே எடை போடுவதோடு எண்ணவும் வேண்டும். எண்ணும் கருவி, துகளின் மேல் ஆல்கஹால் ஆவியைப் படியவைத்துப் பெரிதாக்கி ஒளியால் எண்ணுகிறது. அடுப்புப் புகை, பேருந்துப் புகை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணிவிடும் என்பதால், வேலை தொடங்குமுன் ஒருமுறை எண்ணிக் கழித்துக்கொள்ள வேண்டும். விலை அதிகம், ஆலைக்கு ஒன்று என்று நான் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதாதா? வந்த எண்ணை முதலாளிக்கு மட்டுமன்றித் தோடு உடைப்பவருக்கும் சொல்ல வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, “அளந்து சொல்லி ஆபீசப் பூட்டிப்போட்டா கஞ்சிக்கு என்ன வழி மக்களே?” என்று கேட்டார். பூட்டுவதற்காக அல்ல, புகைபோக்கியை எவ்வளவு உயர்த்துவது, உறிஞ்சு விசிறியை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

“அத அவியகிட்டப் போய்ச் சொல்லு” என்றார்.