மூக்கை அளந்த கணக்கு

மூக்கை அளந்தால் சாதியைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய அதிகாரிகள் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சமூகப் படிநிலை இறங்கும் என்று ஒரு விதியே வகுத்தார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் அளவுக் கருவிகளோடு தென்னிந்தியாவைச் சுற்றிவந்து, சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பின்னர் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே, 1932இல் வந்த தம் நூலில் ரிஸ்லியின் அளவுகளையே எடுத்து ஆராய்ந்து, வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு வெளியே அந்த விதி நிற்கவில்லை என்று காட்டினார். விதி போய்விட்டது, தோற்றம் ஒருவரின் பிறப்பையும் தகுதியையும் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை போகவில்லை. சிவப்பான மணமகள் தேடும் விளம்பரம் முதல் வெளிநாட்டுத் தெருக்களில் நடக்கும் நிறவெறித் தாக்குதல் வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு உயிரியலில் ஆதாரம் இல்லை. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகள் மனித இனத்தின் வயதைச் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோகின்றன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று வாழ்பவர்களின் வம்சாவளியில் மிகப் பெரும்பங்கு, ஏறத்தாழ 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியவர்களிடம் போய்ச் சேர்கிறது. எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுடைய டிஎன்ஏ ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒத்துப்போகும். எஞ்சிய வேறுபாட்டிலும் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் கணக்கிட்டார். பின்வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

அப்படியானால் நிறம் ஏன் இவ்வளவு மாறுகிறது? வெயில்தான் காரணம். புற ஊதாக் கதிர் கடுமையாக விழும் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில், கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலேட் சத்தை அடர்ந்த தோல்நிறம் காக்கிறது. வெயில் குறைந்த வடக்கில் வைட்டமின் டி உற்பத்திக்கு வெளிர்தோல் உதவுகிறது. ஆய்வாளர்கள் நினா ஜாப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே நிறத்தை வைத்து உறவை ஊகித்தால் ஏமாறுவோம். கறுத்த தோலும் சுருண்ட முடியும் கொண்ட மெலனீசியத் தீவுவாசிகள், மரபணுவில் ஆப்பிரிக்கர்களைவிடக் கிழக்கு ஆசியர்களுக்கு நெருங்கியவர்கள். ஐரோப்பியரின் வெளிர்நிறத்துக்கு முக்கியக் காரணமான எஸ்எல்சி24ஏ5 மரபணு மாற்றமோ, தெற்காசியாவிலும் பரவலாக உண்டு. இரு இடங்களிலும் இருப்பது ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு கண்டது. அதைச் சுமந்துகொண்டே மாநிறமாகவும் கறுப்பாகவும் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

ஒரு துளி எச்சிலை வைத்து மூதாதையர் வாழ்ந்த கண்டத்தைச் சொல்லிவிடுகிறார்களே, அப்போது இனப்பிரிவு உண்மைதானே என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான நுண்ணிய வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஊரின் தடயம் கிடைக்கும் என்பது சரி. ஆனால் அந்த வேறுபாடுகள் படிப்படியாக மாறிக்கொண்டே போகின்றன. கோடு கிழித்துப் பிரிக்க இடமில்லை. நோய்களும் இனத்தைப் பார்த்து வருவதில்லை. கறுப்பினத்தவரின் நோய் என்று வெகுகாலம் கருதப்பட்ட அரிவாள்செல் சோகைக்கான மரபணு, நீலகிரி மக்களிடம் இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. கிரேக்கத்திலும் அரேபியாவிலும் அது உண்டு. மலேரியா வாட்டிய பகுதிகளில் அந்த மரபணு உயிர்காத்தது, அதனால் நிலைத்தது.

இதைவிட வலுவான மறுப்பு நம் நாட்டிலிருந்தே எழும்: சாதிகளுக்கிடையே மரபணு வேறுபாடு இருப்பதை ஆய்வுகளே சொல்கின்றனவே? சொல்கின்றன, அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்கின்றன. இந்தியாவின் இரு பெரும் மூதாதை மரபுகள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்தன என்றும், அதன்பின் சொந்தக் குழுவுக்குள்ளேயே மணக்கும் அகமணம் இறுகியது என்றும் 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அந்தக் கலப்பின் தடம் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. மணக்கதவை அடைத்ததால் விளைந்த வேறுபாட்டைக் காட்டி, கதவை அடைத்தது சரி என்று வாதிட முடியாது. தலைமுறை தலைமுறையாக அடைத்துவைத்ததன் விலையாகச் சில சமூகங்கள் அரிய பரம்பரை நோய்களைச் சுமக்கின்றன.

மனிதர் சமம் என்பதற்கு ஆய்வகத்தின் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நாளை ஏதோ ஒரு மரபணுவில் பெரிய வேறுபாடு தெரியவந்தாலும் ஒருவருடைய உரிமை அணுவளவும் குறையக் கூடாது. சமத்துவம் அறத்தின் தீர்மானம், நம் அரசமைப்புச் சட்டத்தின் வாக்குறுதி. ஆனால் பாகுபாடு காட்டுபவர்கள் தங்கள் பக்கம் இயற்கை இருப்பதாகச் சொல்லியே தலைமுறைகளை நம்பவைத்தார்கள். அந்தச் சாட்சியம் பொய் என்று அறிவியல் நிறுவிவிட்டது. இனி நிறத்தைக் காட்டி வேலையோ, வீடோ, மணமோ மறுப்பவர் இயற்கையின் பின்னால் ஒளிய முடியாது. அந்த முடிவு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.