சேசிஸ் பிளேட் காணாமல் போன பழைய காரை மீண்டும் ரோட்டில் ஓட்ட முடியுமா?

தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனவர்கள் டிஎம்எக்ஸ் 4777 அம்பாசடரைப் பார்த்திருப்பார்கள். அது என்ன மாடல் என்பதை மறந்தவர்களுக்கும் அந்த நம்பர் நினைவில் நிற்கும். ஆர்டிஓவும் ஒரு காரை நம்பரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆனால் அது பார்க்கும் நம்பர் வேறு. வண்டியின் உடம்பிலேயே பதிந்திருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான் சட்டத்தின் கண்ணில் கார்.

மயிலாப்பூரில் பழைய வீடு ஒன்றை இடித்து அபார்ட்மென்ட் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷெட்டில் தூசி படிந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது. 1960களில் சென்னையில் தயாரான கார், விலையும் கம்மி. புராஜெக்ட் கார் தேடும் இளைஞருக்குக் கை துறுதுறுக்கும். பானெட்டைத் திறந்தால், பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவிட் ஓட்டைகள் மட்டும்!

உடனே திருட்டு வண்டி என்று முடிவு கட்டத் தேவையில்லை. எப்போதோ ஒரு பெயின்டர் பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறந்திருக்கலாம். துரு பிடித்த பகுதியை வெட்டி புதுத் தகடு வெல்டிங் செய்தபோது எண்ணும் சேர்ந்தே போயிருக்கலாம். சில வண்டிகளில் பல அடுக்கு பெயின்டுக்கு அடியில் எண் பத்திரமாக இருக்கும். தின்னரும் வயர் பிரஷ்ஷும் வைத்துப் பொறுமையாகத் தேய்த்துப் பார்க்கலாம். கிரைண்டர் மட்டும் வேண்டாம், இருக்கிற கொஞ்சமும் அழிந்துவிடும். எண் தெரிந்தால் அதன் மேல் பேப்பரை வைத்து பென்சில் பிரின்ட் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண் கிடைக்கவே இல்லை என்றால்தான் சிக்கல். "ஆர்சியில இருக்கிற நம்பரை லேத்துல அடிச்சுக்கலாம் சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்று யாராவது நிச்சயம் சொல்வார். கேட்கக் கூடாத அறிவுரை இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55(5) இதற்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. வண்டியில் உள்ள சேசிஸ் எண்ணோ இன்ஜின் எண்ணோ ஆர்சியில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், உரிமையாளரிடம் விளக்கம் கேட்டபின் பதிவை ரத்து செய்ய வேண்டும். எண்ணை நாமே அடித்தால் ரத்தோடு நிற்காது. போலீஸ் கேஸ் வரை போகலாம். திருட்டு வண்டிக்கு எண் மாற்றுபவர் செய்வதும் இதே வேலைதான். இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

முறையான வழி மெதுவானது. முதலில் காகிதம். ஆர்சி, பழைய இன்ஷூரன்ஸ், வரி கட்டிய ரசீது என எதில் சேசிஸ் எண் இருந்தாலும் அது ஆதாரம். ஒன்றும் இல்லாவிட்டால் வண்டி பதிவான ஆர்டிஓவின் பழைய பதிவேட்டில் தேட வேண்டும். 1989இல் 'டிஎன்' வரிசை வருவதற்கு முந்தைய மெட்ராஸ் நம்பர் என்றால், அந்தப் பதிவேடு இப்போது மந்தைவெளியில் இருக்கிறதா, திருவான்மியூரில் இருக்கிறதா, வேறெங்கோ இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. எண் கிடைத்ததும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டு வாகனப் பட்டியலில் அது இல்லை என்பதற்கான சான்றை எடுத்து, ஆர்டிஓவிடம் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் (நம்மூர் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர்) வண்டியை நேரில் பார்த்து, அனுமதி கிடைத்த பிறகே அதே எண்ணை மீண்டும் பஞ்ச் செய்யலாம்.

'வின்டேஜ்னு பதிவு பண்ணிட்டா போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்சியையும் கேட்பார்கள். ஆக, எண் இல்லாத வண்டி இங்கேயும் மாட்டிக்கொள்ளும். 80களின் பத்மினிக்கு இந்த வழியே கிடையாது. வழக்கமான புதுப்பிப்புதான். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணமும் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

திருட்டைத் தடுக்க விதி கடுமையாக இருப்பதில் தவறில்லை. ஆனால் நேர்மையாக வந்து நிற்பவருக்கு எந்தப் படிவம், எந்தச் சான்று, எத்தனை நாள் என்று ஒரே பக்கத்தில் பார்க்க முடிய வேண்டாமா? வின்டேஜ் பதிவுக்கு 60 நாள் கெடு விதியிலேயே இருக்கிறது. மறு பஞ்ச்சிங்குக்கும் அப்படி ஒன்றைத் தமிழகப் போக்குவரத்துத் துறை எழுதி வெளியிட வேண்டும். அந்தத் தெளிவு இல்லாத இடத்தில்தான் புரோக்கர் ரேட் பேசுகிறார்.

அதுவரை, ஷெட்டில் நிற்கும் ஹெரால்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பென்சில் பிரின்ட்டைக் கேளுங்கள். டிங்கரிங், பெயின்ட், அப்ஹோல்ஸ்டரி என்று லட்சங்களைக் கொட்டிய பிறகு கேட்டால் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.