கொம்பு இருந்தா காளையா பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். மாட்டுக்குக் கொம்பு இருந்தா அது காளை, கொம்பு இல்லைன்னா பசு. சரியா, தப்பா? 'சரி'ன்னு தலையாட்டினவங்க எல்லாம் வெட்கப்படாம முன் பெஞ்சுக்கு வாங்க. இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

போன பொங்கல் லீவுக்கு என் ரூம் மேட்டை தாராபுரம் பக்கம் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆளு பக்கா சென்னை. மாட்டை போஸ்டர் திங்கறப்போ மட்டும்தான் பார்த்திருக்கான். கட்டுத்தரையில நின்ன காங்கேயம் பசுவைப் பார்த்ததும் முதல் கேள்வி. "பாட்டி, கொம்பு இவ்ளோ பெருசா இருக்கே... இந்தக் காளை முட்டுமா?"

எங்க அம்மாயி அசரவே இல்லை. "கொம்பையா பாக்கறது? குனிஞ்சு மடியப் பாரு சாமி!"

அடுத்து, பசுவுக்குப் பக்கத்துல துள்ளிக்கிட்டிருந்த செவப்புக் கன்னுக்குட்டி. "அம்மா வெள்ளை, குட்டி செவப்பு. பக்கத்து வீட்டுக் கன்னு மாறி வந்துடுச்சா?" சிரிக்காதீங்க, நியாயமான சந்தேகம்தான்! காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் வாக்கில்தான் நிறம் மாறும்.

சோளத்தட்டு போடும்போது மாடு வாயைத் திறந்துச்சு. "ஐயோ, மேல் பல்லெல்லாம் கொட்டிடுச்சு!"ன்னு அலறிட்டான். பாஸ், மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது. கெட்டியான ஈறுதான். சந்தையில கீழ்வரிசையைப் பார்த்துத்தான் வயசு சொல்வாங்க. ரெண்டு பல் போட்டிருந்தா சுமார் ரெண்டு, ரெண்டரை வயசு.

ராத்திரி ஆம்லெட் சாப்பிடும்போதும் விடலை. "கடையில வாங்கற முட்டையை அடை வெச்சா குஞ்சு வருமா?" வராது தலைவா! கோழி முட்டை போட சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். நாமக்கல் பண்ணைகள்ல முட்டைக் கோழிகளோட சேவல் விடறதில்லை. அந்த முட்டையை 21 நாள் இல்லை, 21 மாசம் அடை வெச்சாலும் நாத்தம்தான் மிச்சம்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கிராமத்துக்காரன் இல்லையா, அந்தத் திமிரு! அப்போதான் அவன் கடைசியா ஒண்ணு கேட்டான். "பாட்டி, மாட்டுக்கு நாலு வயிறாமே? எங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு மாடு கவரோட பரோட்டா தின்னும். அதெல்லாம் செரிச்சுடுமா?"

அம்மாயி சிரிக்கலை. "செரிக்காது சாமி. உள்ளயே கெடக்கும். எங்க செவலைப் பசு அப்படித்தான் போச்சு. வயிறு உப்பி, மூணு நாள் தீனி எடுக்காம கெடந்துச்சு. அறுத்துப் பாத்தா பூரா கவரு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.

எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னா, அந்தக் கவரை முடிச்சுப் போட்டு தினமும் வாசல்ல வீசறது என் ரூம் மேட் இல்லை. நான்தான்!

மாட்டுக்கு நாலு வயிறு கிடையாது. ஒரே வயிறு, நாலு அறை. மாடு அவசரமா நாக்கால சுருட்டி விழுங்கிட்டு, அப்புறம் நிதானமா அசைபோடும். பரோட்டாவை மட்டும் தனியா எடுக்க அதுக்குக் கையா இருக்கு? உள்ளே போன கவர் செரிக்காது. அடுத்த அறைக்குப் போற வழி சின்னது, அதனால நகரவும் நகராது. பந்து பந்தா சேர்ந்துக்கிட்டே இருக்கும். வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கறதால மாடு தீனி எடுக்காம இளைச்சுப் போகும்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த பிளாஸ்டிக் எவ்வளவு தெரியுமா? 52 கிலோ! ஒரு ஆளோட எடை மக்களே. அதே 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியற பிளாஸ்டிக் பைக்குத் தடை வேற. தடையும் இருக்கு, கவரும் இருக்கு.

இன்னொண்ணு. 'பாவம், சாப்பிடட்டும்'னு மெஸ்ஸுல மிஞ்சின சோத்தை அண்டா அண்டாவாக் கொட்டறதும் புண்ணியம் இல்லை. சோறு அளவுக்கு மீறினா வயித்துல அமிலம் ஏறி மாடு செத்தே போகலாம். தட்டு, புல், வைக்கோல்னு நார் இருக்கறதுதான் அதுக்குச் சாப்பாடு.

கொம்பை வெச்சு காளைன்னு சொன்னவனால எந்த மாட்டுக்கும் நஷ்டமில்லை. எல்லாம் தெரிஞ்ச என்னாலதான் ஆபத்து. ஊருக்கு வந்து திரும்பினதுலேர்ந்து எங்க ரூம்ல மிச்சம் ஒரு டப்பா, கவர் ஒரு டப்பா. ஐடியா யாரோடதுன்னு கேக்கறீங்களா? 'காளை முட்டுமா'ன்னு கேட்டானே, அவனோடதுதான்!

இன்னிக்கு ராத்திரி பார்சலைப் பிரிச்சதும் அந்தக் கவரை என்ன பண்ணப் போறீங்க?